பழைய கடன் நோட்டு

கேள்வி: எனக்கு 67 வயது, நெல்பேட்டையில் கடை வைத்திருந்தேன். தொழுகை, நோன்பு விட்டதில்லை. தம்பியோடு மட்டும் பேச்சில்லை. மறுமைக்கு இன்னும் என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: பாய், முதலில் கடையின் பழைய கடன் நோட்டை எடுத்துப் பாருங்கள். 50 ரூபாய் பாக்கியானாலும் கொடுத்துவிடுங்கள், ஆள் மௌத்தாகியிருந்தால் வாரிசிடம். 3 தீனார் கடனோடு இறந்தவருக்கு ஜனாஸா (இறுதித் தொழுகை) தொழவைக்க நபிகள் (ஸல்) முன்வரவில்லை, தோழர் அபூ கதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்ற பிறகுதான் தொழவைத்தார்கள். இதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். தவ்பா செய்தால், அதாவது பாவத்துக்கு வருந்தி மன்னிப்புக் கேட்டால், அல்லாஹ் மன்னிப்பான், சரி, ஆனால் மனிதருக்குச் செய்த அநியாயத்தை அவரிடமே தீர்க்க வேண்டும். அப்புறம் வஸிய்யத், அதாவது உயில் எழுதி வையுங்கள், அது சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தம்பி வீட்டுக்கு இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நேராகப் போய் ஸலாம் சொல்லுங்கள்.