வானத்தைக் கேளுங்க: கிழட்டுக் கலக்ஸியில எக்ஸ் கதிர்

கேள்வி: சேர், நீள்வட்டக் கலக்ஸியில (முட்டை வடிவான, கிழட்டு நட்சத்திரங்கள் நிறைஞ்ச கலக்ஸி) புது நட்சத்திரம் பிறக்கிறது நிண்டு போச்சு எண்டு போன இதழில எழுதினீங்க. அப்ப அங்க இருந்து எக்ஸ் கதிர் எப்பிடி வருது? (ஏ/எல் மாணவி, காரைதீவு)

பதில்: நல்லாப் பிடிச்சீங்க தங்கச்சி. பிறக்கிறது கிட்டத்தட்ட நிண்டுதான் போச்சு, ஆனா செத்ததுகள் சும்மா கிடக்கிறதில்ல. சோடியா சுத்துற ரெண்டு நட்சத்திரத்தில ஒண்டு செத்து நியூத்திரன் நட்சத்திரமாவோ (செத்த பெரிய நட்சத்திரம் நொறுங்கி இறுகின மிச்சம்) கருந்துளையாவோ போய், மற்றது கிட்ட வந்திட்டா அதிட வாயுவை இது இழுத்தெடுக்கும், அந்த வாயு சுழண்டு சுழண்டு உள்ள விழேக்க கோடிப் பாகைக்குச் சூடேறி எக்ஸ் கதிரைக் கொட்டும்.

கன்னி ராசிப் பக்கம் என்ஜிசி 4697 எண்டு ஒரு நீள்வட்டக் கலக்ஸி, 4 கோடி ஒளியாண்டு தூரம். முந்தின டெலஸ்கோப்புகளுக்கு அது மங்கலாத்தான் தெரிஞ்சுது, சூடான வாயுவா, தனித்தனிப் புள்ளிகளா எண்டு ஆருக்கும் பிரிச்சுச் சொல்ல ஏலாது. 2000 ஜனவரியில விண்வெளியில சுத்துற சந்திரா எண்ட எக்ஸ் கதிர் டெலஸ்கோப் 11 மணித்தியாலம் போல அதையே பாத்துக்கொண்டு நிண்டு 90 புள்ளியைப் பிரிச்சுக் காட்டிச்சு, அதில கனக்க நான் சொன்ன சோடிகள்தான். இதில ஆகவும் மங்கலான புள்ளிக்கு அவ்வளவு நேரத்திலயும் வந்து விழுந்தது பத்துப் போட்டோன் (ஒளித் துணிக்கை) போலதான், ஆனா அந்தப் புள்ளி உண்மையில விடுற சக்தி எங்கட சூரியனைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு! அந்த டெலஸ்கோப்புக்குப் பேர் வெச்சது தமிழ்க் குடும்பத்தில பிறந்து 1983இல நோபல் பரிசு எடுத்த சந்திரசேகருக்காக. வெண்குள்ளன் (சூரியனைப் போல நட்சத்திரம் செத்தா மிஞ்சிற சின்ன உடல்) ஒண்டு 1.4 சூரிய நிறைக்கு மேல தாங்காது எண்டு கணக்குப் போட்டவர் அவர்தான், அதால இந்தப் பேர் எனக்கு நல்லாவே பிடிக்கும்.

கேள்வி: ஒரு புள்ளி அந்தக் கலக்ஸிக்குள்ள இருக்கா, பின்னால எங்கயோ தூரத்தில இருக்கா எண்டு எப்பிடிப் பிரிக்கிறாங்க? (வாசகர், செங்கலடி)

பதில்: இந்த வேலையில கஷ்டமே இதுதான் தம்பி. கல்லடிப் பாலத்தில இரவில நிண்டு பாத்தா வாவிக்குள்ள தோணி லாம்பும் அக்கரை வீட்டு லைட்டும் ஒரே வரிசையிலதானே தெரியும், அதே பிரச்சினைதான். ஒவ்வொரு புள்ளியா இது உள்ளுக்கு, இது வெளியில எண்டு சொல்ல ஏலாது, ஆனா கலக்ஸி ஒண்டும் இல்லாத வெறும் வானத்தை எடுத்த படத்தில அதே பரப்புக்கு எத்தின புள்ளி வருது எண்டு எண்ணிக் கழிக்கலாம். அப்பிடிப் பாத்தா 90இல பத்துப் பதினைஞ்சு பிறத்தியாள், அதில கனக்கத் தூரத்துக் கலக்ஸிகளிட நடுவில இருக்கிற பெரிய கருந்துளைகள்தான். மிச்சம் நடுவுக்குப் போகப் போக நெருக்கமா இருக்கும், நட்சத்திர ஒளியும் அப்பிடித்தான் கூடுது.

ஹபிள் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த படத்தையும் மேல போட்டுப் பாத்தாத்தான் பெரிய விசயம் தெரியும். என்ஜிசி 1399 எண்ட கலக்ஸியில அப்பிடிப் பொருத்தின பகுதியில 70 வீதம் போல புள்ளிகள் கோளக் கொத்துகளுக்குள்ள (லட்சக்கணக்கான நட்சத்திரம் உருண்டையா நெருங்கி இருக்கிற கூட்டம்) இருந்துது, எம்49 எண்ட இன்னொரு கலக்ஸியில 40 வீதம். கலக்ஸியிட நட்சத்திரத்தில நூறில ஒரு பங்கு கூட அந்தக் கொத்துகளுக்குள்ள இல்ல பாருங்க! நெருக்கம்தான் காரணம், செத்த நட்சத்திரம் தனியா இருந்தாலும் அங்க இன்னொண்டு கிட்ட வந்து சோடியா மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: இதெல்லாம் அமெரிக்காவில இருக்கிறவங்களுக்குத்தானே, எங்கட பிள்ளைகளால செய்ய ஏலுமா சேர்? (ஆசிரியை, அக்கரைப்பற்று)

பதில்: ஏலும் டீச்சர், கட்டாயம் ஏலும். எக்ஸ் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டி நிலத்துக்கு வராது, அதால மொட்டை மாடியில டெலஸ்கோப் வெச்சாலும் இந்தப் புள்ளிகள் தெரியாது, கலக்ஸி மட்டும் சின்ன டெலஸ்கோப்பில மங்கலாத் தெரியும், மாரி முடிஞ்சு ஏப்ரல் மே மாசத்தில பாருங்க, கிட்டத்தட்ட உச்சிக்கே வரும். ஆனா சந்திரா எடுத்த படங்கள் கொஞ்சக் காலம் கழிச்சு எல்லாருக்கும் இலவசமாத் திறந்திருக்கு. அந்தப் படங்களைத் திறந்து பாக்கிற டிஎஸ்9 எண்ட சொப்ட்வெயாரும் இலவசம், பழைய லெப்டொப்பிலயும் ஓடும். அதில என்ஜிசி 4697 படத்தைத் திறந்து பிள்ளைகளிட்ட புள்ளிகளை எண்ணக் குடுங்க, கலக்ஸிக்கு வெளியில அதே அளவு கட்டம் ஒண்டு போட்டு அங்கயும் எண்ணச் சொல்லுங்க. வந்த கணக்கை எனக்கு அனுப்பினா அடுத்த இதழில சேர்ந்து பாப்பம்.