நஹனி ட்ராப் முதல் பேண்ட்ரி ஃப்ரிட்ஜ் வரை: அலுவலகச் சுத்தம் பற்றிய கேள்வி பதில்

பல கம்பெனிகள் ஒரே தளத்தையும் ஒரே கழிப்பறையையும் ஒரே பேண்ட்ரியையும் பகிர்ந்துகொள்ளும் சென்னைக் கட்டடங்களில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக வேலை பார்த்து வருகிறேன். அலுவலகச் சுத்தம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஐடி கம்பெனி, பெருங்குடி): அக்கா, பொங்கல் லீவு முடிஞ்சு வந்ததிலிருந்து பாத்ரூம்ல சாக்கடை நாத்தம் தாங்கல. அந்துருண்டை போட்டாச்சு, ஸ்ப்ரே அடிச்சாச்சு, பினாயில் ஊத்தித் துடைச்சாச்சு. ஒரு மணி நேரத்துல திரும்ப வந்துடுது.

பதில்: தரை மூலையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை மூடியிருக்கும் ஜாலியைப் பாருங்கள் தம்பி. அதற்குக் கீழே நஹனி ட்ராப் இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் குழாயின் வாயுவை மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீட்டுக் குளியலறையில் தினமும் தண்ணீர் ஓடுவதால் அது வற்றுவதே இல்லை. அலுவலகத்தில் தரையை மாப் போட்டு ஈரமில்லாமல் வைக்கிறோம், எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாலைந்து நாள் லீவும் சேர்ந்துகொண்டால் ட்ராப் காய்ந்துவிடும். அப்புறம் எத்தனை பாட்டில் ஸ்ப்ரே அடித்தாலும் பயனில்லை.

ஜாலியைத் தூக்கி, உள்ளே அடைந்திருக்கும் முடி, அழுக்கை எடுத்துவிட்டு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றம் அடங்கினால் காரணம் அதுதான். இனி வாரத்தில் இரண்டு நாள் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். நீண்ட லீவுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நிற்பதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. யாரும் பயன்படுத்தாத வாஷ்பேசினுக்கும் இதே வைத்தியம்தான். இவ்வளவு செய்தும் நாற்றம் வந்தால் ட்ராப்புக்குள் கவிழ்த்து வைக்கும் கிண்ணத்தை யாராவது கழற்றிப் போட்டிருப்பார்கள். பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

அந்துருண்டையை இன்றே எடுத்துவிடுங்கள். அது நாற்றத்தைப் போக்குவதில்லை, மூடி மறைக்கிறது. அடைத்த அறைக்குள் அதன் ஆவியைச் சுவாசிப்பதும் உடம்புக்கு நல்லதல்ல.

கேள்வி: டாய்லெட் கிளீனரோட பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டா பளிச்சுன்னு ஆகுமாமே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். டாய்லெட் கிளீனர்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அது பிளீச்சுடன் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னக் கழிப்பறைக்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் நுரையீரலுக்குள் அது நேராகப் போகும். கண்ணாடி துடைக்கிற சில திரவங்களில் அமோனியா உண்டு, அதோடும் பிளீச்சைக் கலக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மருந்து. நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்தது. இதைப் பெரிய எழுத்தில் தமிழிலும் இந்தியிலும் எழுதி, பொருட்கள் வைக்கும் அறையின் கதவில் ஒட்டுங்கள். காலிக் குடிநீர் பாட்டிலில் எந்த மருந்தையும் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி (வேளச்சேரி): போர் தண்ணி. குழாய், டைல்ஸ் எல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புப் படிஞ்சு கிடக்கு. ஆசிட் ஊத்தலாமா?

பதில்: முரட்டு ஆசிட் உப்போடு சேர்த்து டைல்ஸ் இடுக்கின் சிமெண்டையும் அரிக்கும், குழாயின் பளபளப்பையும் எடுத்துவிடும். கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூள் இரண்டு மூன்று மேசைக்கரண்டி எடுத்து ஒரு லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். அதில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி இருபது நிமிடம் விட்டுத் தேயுங்கள். தரையோ மேடையோ மார்பிளாக இருந்தால் இதுவும் கூடாது, அமிலம் பட்ட இடம் மங்கிப்போகும். உப்பு திரும்பப் படியாமலிருக்க ஒரே வழி, மாலையில் வைப்பர் போட்டு ஈரத்தை இழுத்துவிடுவது.

கேள்வி (மூன்று கம்பெனிகளுக்கு ஒரே பேண்ட்ரி, கிண்டி): மேடம், ஃப்ரிட்ஜைத் திறந்தாலே பயமா இருக்கு. யார் டப்பான்னே தெரியாம பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு. தூக்கிப் போட்டா சண்டை, போடலன்னா நாத்தம்.

பதில்: இந்த ஒரு கேள்வியை மட்டும் பதினைந்து பேருக்கு மேல் கேட்டிருக்கிறீர்கள். பொது ஃப்ரிட்ஜ் கெடுவதற்குக் காரணம் அழுக்கான மனிதர்கள் அல்ல. அதற்குப் பொறுப்பு என்று ஒருவர் பெயர் இல்லாததுதான். மூன்று கம்பெனிக்கும் சேர்த்து மாதம் ஒருவரை முறை வைத்துப் பொறுப்பாக்குங்கள். அவர் பெயரைக் கதவில் எழுதுங்கள்.

ஃப்ரிட்ஜ் மேல் ஒரு மாஸ்கிங் டேப்பும் மார்க்கரும் கயிற்றில் கட்டித் தொங்கட்டும். உள்ளே போகும் டப்பா எதுவானாலும் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பொறுப்பாளர் குரல் கொடுப்பார். ஐந்து மணிக்கு உள்ளே மிச்சமிருக்கும் சமைத்த உணவு குப்பைக்குப் போகும், டப்பா ஒரு கூடையில் இருக்கும். சண்டை முதல் இரண்டு வாரத்துக்குத்தான் வரும். இன்னொன்று, அதை ஹவுஸ்கீப்பிங் அக்காவின் தலையில் கட்டாதீர்கள். பூஞ்சை பிடித்த உங்கள் டப்பாவைத் திறந்து கழுவுவது அவர் வேலையல்ல. நாளைக்கு யாராவது “என் டப்பா எங்கே” என்று கத்தினால் அவரால் பதில் பேசவும் முடியாது.

ஃப்ரிட்ஜுக்குள் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பதும் இதனால்தான். சாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியா விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. மதியம் மேசையில் மறந்த எலுமிச்சை சாதத்தை மாலையில் மைக்ரோவேவில் வைத்துச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி (அதே கட்டடத்தில் இன்னொருவர்): நாற்றம் வருதுன்னு சொல்லி நான்-வெஜ் கொண்டு வரக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. இது சுத்தத்துக்கான விதியா?

பதில்: இல்லை. மூடி இறுக்கமான டப்பா, சாப்பிட்டதும் மேசை துடைப்பது, எலும்பையும் முள்ளையும் பையில் கட்டி ஈரக் குப்பையில் போடுவது, இவைதான் சுத்தத்துக்கான விதிகள். இவை சாம்பார் சாதத்துக்கும் மீன் குழம்புக்கும் ஒன்றுதான். யார் என்ன சாப்பிடலாம் என்பதைச் சுத்தம் என்ற பெயரில் தீர்மானிப்பது எனக்குச் சம்மதமில்லை. மைக்ரோவேவில் தங்கும் வாசனைக்கு வழி இருக்கிறது. ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டுகள் போட்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் வையுங்கள். நீராவியில் ஊறிய கறை ஒரே துடைப்பில் வந்துவிடும்.

கேள்வி (சேலம்): காபி மெஷின்ல இருந்து குட்டிக் குட்டி கரப்பான் பூச்சி வருது. மாசா மாசம் மருந்து அடிக்கிறோம்.

பதில்: வெளிர் பழுப்பு நிறத்தில், கழுத்தருகே இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். சூடும் ஈரமும் உள்ள இடுக்கில்தான் குடியிருக்கும், காபி மெஷின் அதற்கு அரண்மனை. பெண் பூச்சி சுமக்கும் ஒரு முட்டைக் கூட்டில் முப்பது நாற்பது குஞ்சுகள் இருக்கும். ஸ்ப்ரே அடித்தால் கண்ணில் படுபவை சாகும், மற்றவை இன்னும் உள்ளே போய்விடும். ஜெல் மருந்து வையுங்கள். கீல் இடுக்கு, சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் பின்புறம் என்று கடுகளவு பொட்டாகப் பல இடங்களில் வைக்க வேண்டும். தின்ற பூச்சி கூட்டுக்குப் போய்ச் சாகும், அதைத் தின்னும் மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சி ஜெல்லை நெருங்காது, வைத்தது வீண். முட்டையிலிருந்து புதிதாக வருபவற்றுக்காக இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை திரும்ப வையுங்கள். சொட்டும் குழாயைச் சரி செய்யுங்கள். சரக்கு வந்த அட்டைப் பெட்டிகளைப் பேண்ட்ரியில் அடுக்காதீர்கள், பல அலுவலகங்களுக்குக் கரப்பான் வந்து சேருவதே அந்தப் பெட்டிகளில்தான்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல யாருக்கும் தனி சீட் கிடையாது. முன்னாடி உட்கார்ந்தவங்க கீபோர்டை எப்படித் துடைக்கிறது?

பதில்: இணைப்பைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டி, மென்மையான பிரஷால் தூசி எடுங்கள். பிறகு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் விட்டுத் துடையுங்கள், கீபோர்டின் மேல் ஊற்றாதீர்கள். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைத்து வாங்க வேண்டாம். அது நொடியில் ஆவியாகிவிடும். கிருமியை அழிக்கக் கொஞ்ச நேரம் ஈரம் நிற்க வேண்டும், 70 சதவீதத்தில் கலந்திருக்கும் தண்ணீர்தான் அந்த நேரத்தைத் தருகிறது. மானிட்டருக்கு மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீரும் போதும்.

துணி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. கழிப்பறைக்குச் சிவப்பு, வாஷ்பேசினுக்கு மஞ்சள், பேண்ட்ரிக்குப் பச்சை, மேசைகளுக்கு நீலம் என்று பிரித்துவிடுங்கள். கழிப்பறை துடைத்த துணி டைனிங் மேசைக்கு வருவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. துடைப்பவர் மீது தவறில்லை, அவர் கையில் கொடுத்ததே ஒரு துணிதான்.

கேள்வி (கோவை): ஆயுத பூஜைக்கு அப்புறம் மேசையெல்லாம் மஞ்சள், குங்குமக் கறை. சோப்பு போட்டா சிவப்பா மாறுது!

பதில்: மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும், சோப்பில் காரம் இருக்கிறது. பயப்படாதீர்கள். மஞ்சளின் நிறம் ஆல்கஹாலில் கரையும். கீபோர்டுக்கு வாங்கிய அதே திரவத்தில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள். துணியில் பட்டிருந்தால் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், வெயில் மஞ்சளை வெளுத்துவிடும்.

வாசலில் உடைக்கும் பூசணிக்காயை ஓரமாக உடைத்து உடனே அள்ளிவிடுங்கள். டூவீலரில் வருகிறவர் வழுக்கி விழுவது வருஷா வருஷம் நடக்கிறது. ஆயுத பூஜைக்காக எல்லோரும் கூடிச் சுத்தம் செய்யும் நாளை வீணாக்காதீர்கள். டிராயரில் கிடக்கும் செத்த மௌஸ், பழைய சார்ஜர், வீங்கிய பேட்டரி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அவை குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பேப்பர் கப்தானே சுத்தம்? டம்ளரை யார் கழுவுறது?

பதில்: டீ குடிக்கிற பேப்பர் கப்பின் உள்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அந்த வகைக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர், அடியில் பெயர் பொறித்தது. குடித்தவர் கழுவட்டும், அரை நிமிட வேலை.

கேள்வி (ஹவுஸ்கீப்பிங் பணியாளர், சென்னை. மகளிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார்): ஈரத் தரைன்னு பலகை வச்சும் மேல நடந்து போறாங்க. திரும்பத் துடைன்னு மேனேஜர் சொல்றாரு. நாள் பூரா நிக்கிறேன், பாத்ரூம் ஓரத்துலதான் உட்கார்ந்து சாப்பிடுறேன்.

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கான பதிலை உங்கள் மேனேஜருக்குத்தான் எழுதுகிறேன்.

சார், உங்கள் அலுவலகம் சுத்தமாக இல்லை என்றால் முதலில் இந்த அம்மாவின் நேர அட்டவணையைப் பாருங்கள். தரை துடைப்பதை ஊழியர்கள் வருவதற்கு முன் முடிக்கும்படி மாற்றினால் ஒரு தரையை இரண்டு தடவை துடைக்க வேண்டியதில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் என்று சொல்லித் தள்ளிவிடாமல் ஒரு நாற்காலி போடுங்கள். மற்றவர்கள் சாப்பிடும் மேசையில் அவரும் சாப்பிடட்டும், அதே டம்ளரில் தண்ணீர் குடிக்கட்டும், அதே லிஃப்டில் வரட்டும். கையுறை கிழிந்தால் அன்றே புதியது கொடுங்கள். நாப்கின் போட மூடியுள்ள தனித் தொட்டி வையுங்கள், காகிதத்தில் சுற்றிப் போட எல்லோரிடமும் சொல்லுங்கள். வெறும் கையால் அதை அள்ள வைப்பது கொடுமை. அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். “ஹவுஸ்கீப்பிங்” என்று கூப்பிடாதீர்கள்.

கேள்வி: செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சு. உள்ள இறங்கிப் பார்க்க ஒரு ஆளை அனுப்புறேன்னு கான்ட்ராக்டர் சொல்றாரு.

பதில்: வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் விஷ வாயு ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்தும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சு லாரி மட்டும்தான் வழி. லாரிக்கு 14420 என்ற உதவி எண்ணில் கேளுங்கள்.

கேள்வி (ஆடிட்டர் அலுவலகம், மதுரை): மொத்தம் ஒன்பது பேர். தனியா ஆள் வைக்க வசதியில்ல. எப்படிப் பிரிச்சுக்கிறது? இப்போ பெண்கள் ரெண்டு பேர்தான் எல்லாம் செய்றோம்.

பதில்: வேலைகளை எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். பேண்ட்ரி, குப்பை, கழிப்பறை, தரை, மேசைத் தூசி, ஃபைல் அலமாரி, குடிநீர் கேனும் டிஸ்பென்சரும், ஏசி ஃபில்டர், செடிகள். ஒன்பது வேலை, ஒன்பது பேர். திங்கள்தோறும் சக்கரம் ஒரு இடம் நகரட்டும். ஆடிட்டர் பெயரும் அதில் இருக்க வேண்டும், முதல் வாரம் கழிப்பறை முறை அவருடையதாக இருந்தால் மற்ற எட்டு பேரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு பத்து நிமிடம் அவரவர் வேலையைச் செய்யுங்கள். ஒருவர் லீவு என்றால் பட்டியலில் அடுத்தவர் பார்க்கட்டும். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். குடிநீர்க் கேனை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.