சின்ன ஊருக்குப் பொக்கே அனுப்பும்போது
வாசகர் கேள்வி – பதில்

பூங்கொத்து பற்றி வந்த கேள்விகளுக்குப் பூக்கடை, மண்டப அலங்கார வேலை தெரிந்தவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள் வருகிறது. ஊர் கமுதி. இணையத்தில் ஒரு பூக்கடைத் தளத்தில் பின்கோடு போட்டால் 'டெலிவரி உண்டு' என்று காட்டுகிறது. நம்பிப் பணம் கட்டலாமா?
– வாசகி, சென்னை

பின்கோடை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். இப்படிப்பட்ட தளங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கடை கிடையாது. ஆர்டரை வாங்கி, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதித் தொகைக்கு ஏதாவது ஒரு ஊர்க் கடைக்குத் தள்ளிவிடுவார்கள். கமுதி ஆர்டர் அருப்புக்கோட்டைக்கோ பரமக்குடிக்கோ போகலாம், மதுரைக்கே போனாலும் ஆச்சரியமில்லை. நீங்கள் கட்டிய பணத்தில் பூவுக்கென்று மிஞ்சுவது குறைவு. அதிலிருந்துதான் அந்தக் கடைக்காரர் வண்டிச் செலவையும் பார்க்க வேண்டும். படத்தில் 30 ரோஜா இருந்து, வந்ததில் 18 ரோஜாவும் சுற்றிலும் இலையுமாக இருப்பது இதனால்தான். இன்னொன்று, ஒரே பின்கோடுக்குள் பல கிராமங்கள் இருக்கும். டவுனுக்குள் கொடுப்பவர்கள் எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு வர மாட்டார்கள்.

பணம் கட்டுமுன் அவர்களிடம் போனில் கேளுங்கள்: எந்த ஊரில் பொக்கே கட்டுகிறார்கள், எத்தனை மணிக்குக் கட்டுகிறார்கள், வீட்டில் கொண்டுவந்து கொடுப்பது கடை ஆளா, கூரியரா? 'கூரியர்' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்க அட்டைப் பெட்டிக்குள் கிடந்த பொக்கே கொடுக்கிற மாதிரி இருக்காது.

எங்களைக் கேட்டால், தாலுகா ஊரில் இருக்கும் மாலைக்கடையிலோ மண்டப அலங்காரம் செய்பவரிடமோ நேரடியாகப் பேசுவதுதான் நல்லது. கூகுள் மேப்பில் கிடைக்காவிட்டால் ஊரில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜரைக் கேளுங்கள், எண் கையோடு வந்துவிடும். ஆனால் காலையில் சொல்லி மாலையில் கேட்காதீர்கள். சின்ன ஊர்க் கடையில் காம்பு ரோஜா, அதாவது நீளக் காம்போடு வரும் பொக்கே ரோஜா, இருப்பில் இருக்காது. அது ஓசூர், பாகலூர், தளி பக்கத்துப் பாலிஹவுஸ்களில் (பாலித்தீன் கூரை போட்ட தோட்டங்களில்) வெட்டி, இரவு பஸ்ஸில் ஏறி, மதுரை போன்ற பெரிய மார்க்கெட் வழியாக வர வேண்டும். இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் அவர் தன் மற்ற சரக்கோடு சேர்த்து வரவழைத்துக்கொள்வார்.

ரோஜா 20 பூவாக ஒரு கட்டு, ஜெர்பரா (சின்னச் சூரியகாந்தி போல விரியும் பூ) 10 பூவாக ஒரு கட்டு என்றுதான் மொத்த வியாபாரத்தில் வரும். அதனால் 'பன்னிரண்டு ரோஜா' என்று கேட்டால் மிச்சம் எட்டை என்ன செய்வது என்று கடைக்காரர் யோசிப்பார், விலையிலும் அதை ஏற்றுவார். 20 ரோஜா அல்லது 20 ரோஜாவும் 10 ஜெர்பராவும் என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள்: பூ, நிறம், எண்ணிக்கை, இடைவெளியை நிறைக்க 'ஜிப்சி' என்ற பொடி வெள்ளைப் பூவா 'கோல்டன் ராட்' என்ற மஞ்சள் பூவா, கையில் பிடிக்கும் பொக்கேவா கூடையா, எத்தனை மணிக்குள் வேண்டும், வீட்டு அடையாளம், வீட்டில் இருப்பவர் எண், அவர் எடுக்காவிட்டால் இன்னொரு எண். வாழ்த்து அட்டையில் வர வேண்டிய பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து படமாக அனுப்புங்கள். போனில் சொன்ன பெயர் எழுத்துப் பிழையோடுதான் வரும்.

பாதிப் பணம் முன்பணம்; மீதிப் பணம், பொக்கே கட்டி முடித்த படம் வந்த பிறகு. காகிதம் சுற்றுவதற்கு முன்னால் எடுத்த படமாக அது இருக்கட்டும், சுற்றிய பிறகு பூவை எண்ண முடியாது. முகூர்த்த நாள்களிலும் பிப்ரவரி 14-ஐ ஒட்டிய இரண்டு வாரங்களிலும் ரோஜா விலை எங்கேயோ போய்விடும். கல்யாண நாள் அந்தச் சமயத்தில் விழுந்தால் கீழே செங்கோட்டை வாசகருக்குச் சொல்லியிருக்கும் நாட்டுப் பூ யோசனையைப் பாருங்கள்.

காலையில் பளிச்சென்று வந்த ரோஜா பொக்கே, சாயங்காலமே கழுத்து ஒடிந்து தொங்கிவிட்டது. பழைய பூவை ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்களா?
– வாசகர், முதுகுளத்தூர்

பூ பழையதாக இல்லாமலும் இப்படி ஆகும். காம்பு காற்றில் காய்ந்த நேரத்தில் அதன் தண்ணீர்க் குழாய்களில் காற்றுக் குமிழ் புகுந்துவிடுகிறது. அழுக்குத் தண்ணீரில் நின்றிருந்தால் பாக்டீரியாவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தலைவரை ஏறாததால் மொட்டுக்குக் கீழே கழுத்து வளைகிறது. உடனே கவனித்தால் மீட்கலாம். பொக்கேவைப் பிரியுங்கள். காம்பு நுனியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள். பூக்களைச் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, தலை நேராக நிற்கும்படி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தளவு நிறுத்திவையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலானவை நிமிர்ந்துவிடும். நிமிராததைக் காம்பைக் குட்டையாக வெட்டிக் கிண்ணத்தில் மிதக்க விடலாம்.

பிறகு ஜாடித் தண்ணீர். உங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு, அதில் வைக்காதீர்கள். கேன் தண்ணீர் நல்லது. ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, துணி வெளுக்கும் ப்ளீச் திரவம் கால் டீஸ்பூன். சாற்றையும் ப்ளீச்சையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் நச்சுப் புகை கிளம்பும், அதனால் ஒன்றை அந்த முழு லிட்டர் தண்ணீரில் விட்டுக் கலக்கிய பிறகே அடுத்ததை விடுங்கள். ப்ளீச் இல்லையென்றால் சர்க்கரையையும் விட்டுவிடுங்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீர் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. தண்ணீருக்குள் இருக்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, காம்பையும் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். ஜெர்பராவுக்கு மட்டும் ஆழத் தண்ணீர் ஆகாது, ஐந்தாறு சென்டிமீட்டர் போதும். அதன் காம்பு ரோமம் உள்ளது, சீக்கிரம் அழுகும்.

அடுத்த முறை வாங்கும்போது ரோஜா மொட்டின் அடிப்பகுதியை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதிது, பஞ்சாக அமுங்கினால் பழசு. வெளி இதழ் ஒன்றிரண்டு பச்சையோடிக் கசங்கியிருப்பது குறை இல்லை. உள்ளே இருப்பதைக் காக்கும் இதழ் அது, கிள்ளிப் போட்டுவிடலாம்.

கார்னேஷன் கூடை ஒரே நாளில் சுருங்கிவிட்டது. ஏசி ஹாலில்தான் இருந்தது.
– வாசகி, அறந்தாங்கி

பக்கத்தில் சீர்வரிசைத் தட்டு இருந்ததா? பழுத்த வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் வாயுவை விடும். கார்னேஷனுக்கு அதுதான் எமன், இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டுவிடும். இன்னொரு காரணம் கூடைக்குள் இருக்கும் பச்சை ஸ்பாஞ்சு. தண்ணீரில் அது தானாக மூழ்கும் வரை விட வேண்டும். கையால் அமுக்கினால் நடுவில் காய்ந்தே இருக்கும். ஒருமுறை காய்ந்த ஸ்பாஞ்சு மறுபடி சரியாகத் தண்ணீர் குடிக்காது, ஆகவே தினமும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள்.

நானே இங்கிருந்து பூ வாங்கி, பேராவூரணியில் இருக்கும் தங்கைக்குப் பஸ்ஸில் போட்டு அனுப்ப நினைக்கிறேன். எப்படிக் கட்டுவது?
– வாசகர், ஓசூர்

பொக்கேவாகக் கட்டி அனுப்பாதீர்கள். கட்டுக் கட்டாகப் பூவையும், காகிதம், ரிப்பனையும் தனியாக அனுப்பி, அங்கே ஒரு மாலைக்கடையில் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

ரோஜாவில் அரைகுறையாக விரிந்தது வேண்டாம், இறுக்கமான மொட்டாக வாங்குங்கள். வாங்கியதும் நிழலில் வாளித் தண்ணீரில் மூன்று நான்கு மணி நேரம் நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் நேரே பெட்டியில் போடுவதால்தான் பாதிப் பூ வீணாகிறது. பிறகு காம்பு நுனியில் ஈரப் பஞ்சு வைத்து, பாலித்தீன் உறை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். இதழில் தண்ணீர் தெளிக்கவே கூடாது. மூடிய பெட்டிக்குள் ஈர இதழில் சாம்பல் பூஞ்சை பிடித்து, இறங்கும்போது பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும்.

பெட்டி காம்பைவிட ஒரு சாண் நீளமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் காற்றுத் துளை போடுங்கள். செய்தித்தாளைச் சுருட்டிப் பூக்களின் கழுத்துக்கு அடியில் கொடுத்து, காம்புகளைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். பிரேக் போடும்போது பூ முன்னால் சரிந்து தலை நசுங்காமல் இருக்க இதுதான் வழி. ரோஜா படுத்து வரலாம். ஜெர்பராவும் சம்பங்கித் தண்டும் படுக்கவைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நிமிராது. அவற்றை நிற்கவைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

இரவு பஸ்ஸாகப் பாருங்கள். எஞ்சின் பக்கம், கூரை மேல் இரண்டும் கூடாது. பின் எஞ்சின் வண்டியில் பின்பக்க டிக்கியும் கொதிக்கும். கோடையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, பூவில் படாமல் பெட்டி ஓரத்தில் வையுங்கள். ஆர்க்கிட், அந்தூரியம் இருந்தால் இந்த ஐஸ் பாட்டிலும் வேண்டாம். குளிரில் அவை கறுத்துவிடும். பார்சல் ரசீதில் வண்டி எண், டிரைவர் எண் இரண்டும் வாங்குங்கள். அதிகாலை நாலு மணிக்கு ஸ்டாண்டில் ஆள் நிற்பார் என்பது உறுதியானால் மட்டும் அனுப்புங்கள்.

உள்ளூர்ப் பூவிலேயே பொக்கே கட்ட முடியாதா? மல்லிகையில்?
– வாசகர், செங்கோட்டை

மல்லிகையை விட்டுவிடுங்கள். மொட்டாகப் பறித்தது சாயங்காலம் விரிந்து, மறுநாள் காலை பழுத்துவிடும். காம்பும் கிடையாது. ஆனால் மற்ற நாட்டுப் பூக்களில் அழகாகக் கட்டலாம், ஓசூரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே சிக்கல், சந்தைக்கு வரும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் கிலோக் கணக்கில் உதிரிப் பூவாக வருகிறது. அடுக்குச் சம்பங்கியைத் தண்டோடும், செவ்வந்தியையும் கோழிக்கொண்டையையும் ஒரு முழம் காம்போடும் வெட்டித்தரச் சொல்லி முந்தின நாளே கடைக்காரரிடமோ தோட்டக்காரரிடமோ பேசிவைக்க வேண்டும். சம்பங்கி கீழிருந்து மேலாக விரியும். அடியில் இரண்டு மூன்று பூ மட்டும் விரிந்திருக்கும் தண்டாகக் கேளுங்கள்.

கைப் பொக்கேவுக்கு எட்டுச் சம்பங்கித் தண்டு, பத்துக் காம்பு செவ்வந்தி, நடுவில் மூன்று கோழிக்கொண்டை, ஓரத்துக்கு அரிகா பாம் இலை, இடையிடையே மரிக்கொழுந்து. கை வைத்த இடமெல்லாம் மணக்கும். கடை ரோஜாவில் கிடைக்காதது அது. பன்னீர் ரோஜாவை இதில் சேர்க்காதீர்கள், கட்டும்போதே இதழ் கொட்டும்.

ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு அனுப்பலாமா?
– வாசகி, சின்னமனூர்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பூவை விட மாட்டார்கள். சாதாரண வார்டுக்கும் லில்லி, சம்பங்கி போன்ற வாசனைப் பூ வேண்டாம். வீடு திரும்பிய பிறகு அனுப்புவதே உத்தமம்.

மாலை 4 மணிக்கு வர வேண்டிய பொக்கே மறுநாள் வந்தது, அதுவும் வாடி. 'பூவுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள்.
– வாசகர், சங்கரன்கோவில்

அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-ன்படி, பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் காட்டியபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நேரம் தவறி வந்தாலோ விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போன்ற காரணம் இருந்தால் தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பொக்கே கைக்கு வந்ததுமே, பிரிப்பதற்கு முன், நேரம் தெரியும்படி வீடியோ எடுத்துவையுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டியது அவர் கடமை. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆர்டர் எண், பணம் கட்டிய ரசீது, தளத்தில் இருந்த படம் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்தப் படத்தை அவர்கள் பிறகு மாற்றிவிடக்கூடும், அதனால் ஆர்டர் போடும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவது நல்லது.

நீல ரோஜா நிஜமா?
– வாசகி, தென்காசி

சாயம். ரோஜாச் செடியில் நீல நிறமி உருவாகாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009-ல் விற்பனைக்கு விட்டதும்கூட இளம் ஊதாதான். வெள்ளை ரோஜாவைச் சாயத் தண்ணீரில் நிறுத்தியோ, மேலே தெளித்தோ கடைகளில் நீலமாக்குகிறார்கள். தெளித்தது கையில் ஒட்டும், பட்டுப் புடவை கட்டியிருப்பவர் கையில் கொடுக்காதீர்கள்.