கடல் கேள்வி - பதில்: மிதவை எங்கே போனது?

கேள்வி: சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்கழியில் டஞ்சனெஸ் நண்டுக்காகக் கூடு இறக்கினேன். இறக்கும்போது நல்ல வற்றம் (கடல்மட்டம் தாழ்ந்த நேரம்), ஆழம் 70 அடி. மிதவை கட்டிய கயிறு 75 அடி. நாலு மணி நேரம் கழித்துப் போனால் மிதவையைக் காணோம். திருடிவிட்டார்களா?
- வாசகர், சியாட்டில்

பதில்: திருட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. மிதவை தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். சியாட்டிலில் ஒரே நாளின் அடிமட்ட வற்றத்துக்கும் உச்ச ஏற்றத்துக்கும் சராசரியாக 11 அடி வித்தியாசம். 70 அடி இருந்த இடம் 81 அடியாகிவிடும். உங்கள் கயிறோ 75. நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்தால் கயிறு சாய்ந்து நிற்கும், அதற்கும் நீளம் வேண்டும். ஏற்றத்தின் ஆழத்தோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 110 அடி வருகிறது. அதுதான் சரியான அளவு. தண்ணீரில் மூழ்கும் கயிறாகவே வாங்குங்கள். மிதக்கும் கயிறு வற்றத்தில் தொய்ந்து மேலே வரும், போகிற படகின் புரொப்பல்லரில் சிக்கி அறுபடும். அங்கே அது விதிமீறலும்கூட.

கம்பிக்கூடு லேசாக இருந்தால் அடியில் 4 கிலோ இரும்பு கட்டுங்கள். சரிவில் இறக்கவே வேண்டாம்; நீவாடு கூட்டை ஆழத்துக்கு இழுத்துப் போய்விடும். இப்போதைக்கு, அடுத்த வற்றத்தையொட்டி நீவாடு அடங்கும் நேரத்தில் அதே இடத்தில் தேடுங்கள். பெரும்பாலும் மிதவை மேலே வந்திருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கூட்டின் மூடியைப் பருத்தி நூலால்தான் கட்ட வேண்டும். கூடு தொலைந்தாலும் நூல் மக்கி, உள்ளே இருக்கும் நண்டுகள் வெளியேறும். நைலானில் கட்டிய கூடு தொலைந்தால், மாதக்கணக்கில் நண்டுகளைக் கொன்றபடி அடியில் கிடக்கும்.

கேள்வி: ஊரில் அமாவாசை, பௌர்ணமி பார்த்துக் கடலைக் கணிப்போம். இங்கே அது போதுமா?
- வாசகி, டகோமா

பதில்: போதாது. தமிழகக் கரையில் ஏற்றவற்றம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். உங்கள் பக்கம் 3 மீட்டருக்கு மேல். அதோடு ஒரு நாளின் இரண்டு ஏற்றங்களும் சமமாக இருக்காது, வற்றங்களும் அப்படியே. அதனால் பிறை பார்ப்பதைவிட ஏற்றவற்ற அட்டவணையில் அடுத்தடுத்த ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 5, 6 அடிக்குள் இருக்கும் வேளை கூடு இறக்க நல்லது.

நீர்மட்டத்துக்கு ஒன்று, நீவாட்டுக்கு ஒன்று என அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான 'நோவா' இரண்டு அட்டவணைகளை வெளியிடுகிறது. கூடு போடுகிறவருக்கு நீவாட்டு அட்டவணைதான் முக்கியம். குறுகிய வாய்க்கால்களில் மட்டம் உச்சத்தைத் தொட்ட பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். நீவாடு நிற்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இறக்கி, ஒரு மணி பின்னால் தூக்குங்கள். பலத்த ஓட்டத்தில் நண்டு மணலில் புதைந்துகொள்ளும். ஓட்டம் தணிந்து மெல்ல அசையும்போதுதான் இரையின் வாசம் பிடித்து நடந்து வரும்.