கடலுக்குள் எழும் அலைகள்

கேள்வி: அந்தமான் கடலின் செயற்கைக்கோள் படங்களில் வரிவரியாகத் தெரியும் நீண்ட கோடுகள், கடலுக்குள் ஓடும் அலைகளின் தடம் என்று படித்தேன். மேலே எழாத அலை கரையோரக் கடலின் வெப்பத்தை எப்படி மாற்றும்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: வெயிலில் சூடேறிய இலேசான நீர் மேலும், குளிர்ந்த கனமான நீர் கீழுமாகக் கடல் அடுக்கடுக்காக இருக்கிறது. இவ்வடுக்குகளின் எல்லையில் எழுவதே உள்ளலை. இரண்டின் அடர்த்தியும் ஒரு விழுக்காடுகூட வேறுபடுவதில்லை என்பதால், மேலெழுந்த நீரைத் திரும்பக் கீழிழுக்கும் விசை மிகக் குறைவு. ஆகவேதான் இவ்வலைகள் மெதுவாக நகர்ந்தாலும் பல பத்து மீட்டர் உயரம் கொள்கின்றன. அந்தமான் கடலில் 60 மீட்டரைத் தாண்டும் அலைகளை ஆஸ்போர்ன், பர்ச் என்ற ஆய்வாளர்கள் 1980இல் விவரித்தனர். நிக்கோபார், சுமத்ரா பக்கத்துக் கடலடி மேடுகளை ஓதநீர் (கடல் ஏறி வற்றும்போது ஓடும் நீர்) கடக்கும்போது பிறந்து, இவை கிழக்கே தாய்லாந்துக் கரையை நோக்கிச் செல்கின்றன. மேற்பரப்பில் அவை உண்டாக்கும் நீரோட்டம் சிற்றலைகளை ஓரிடத்தில் குவித்தும் மற்றோரிடத்தில் அடக்கியும் விடுவதால்தான் நீங்கள் கண்ட வரிகள் தோன்றுகின்றன.

அலை கடந்து செல்வதால் மட்டும் வெப்பம் இடம்பெயர்ந்துவிடாது. ஏறி இறங்கிய நீர் பெரும்பாலும் பழைய மட்டத்துக்கே திரும்பிவிடும். திரும்பாத மாற்றம் அலை உடையும் இடத்தில்தான் நிகழ்கிறது. ஆழ்கடலில் வெதுவெதுப்பான மேலடுக்கைக் கீழே அமிழ்த்தியபடி வரும் அலை, ஆழம் குறைந்த சரிவில் ஏறும்போது வடிவம் தலைகீழாக மாறி, குளிர்நீரை மேலே உயர்த்தும் அலையாகி உடைகிறது; உடைந்த குளிர்நீர்த் திரள்கள் தரையை ஒட்டிச் சரிவில் மேலேறி, மேல்நீரோடு கலக்கின்றன. அக்கலப்பில் வெப்பம் கீழே இறங்குகிறது, ஆழத்தின் நைட்ரேட்டு முதலான ஊட்டச்சத்துகள் மேலே வருகின்றன.

தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில் இதை அருகிருந்தே காணலாம். அலை மோதும் மேற்குப் பக்கத்தில் பவளங்களைச் சூழ்ந்த நீர் சில நிமிடங்களிலேயே பல பாகை குளிர்ந்துவிடுகிறது. கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் நிறமிழந்து வெளிறிய 2010இல் அப்பக்கத்துப் பவளங்கள் வெப்பத்தை மேலாகத் தாங்கின. ஆயினும் இதை வெறும் நன்மை என்று நான் சொல்லமாட்டேன். அதே ஆழ்நீரில் உயிர்வளி குறைவு, அமிலத்தன்மை கூடுதல். மேற்குப் பக்கத்தில் பவளப்பாறை தடித்து வளராததற்கு இவ்வலைகளும் காரணம்.

இன்னொன்றையும் கருதவேண்டும். செயற்கைக்கோள் அளப்பது கடலின் மேற்பரப்பு வெப்பத்தை மட்டுமே. 20 மீட்டர் ஆழத்துப் பவளம் எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதை அறிய, அந்த ஆழத்திலேயே வெப்பமானியைப் பொருத்தி, நிமிடக் கணக்கில் அளக்கத்தான் வேண்டும்.