பேச்சுவார்த்தைக்கு மசிவார்களா? தீவிரவாத அமைப்புகளும் தூதும்: கேள்வி பதில்

கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தீவிரவாத அமைப்புகளோடு பேசுவது பற்றியும் அவர்களுடைய பிரசாரம் பற்றியும் நம் வட ஆற்காட்டு நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். சிலருக்கு நீளமாக, சிலருக்கு நாலே வரி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குடியாத்தம் நண்பர்: சார், கழுத்தை அறுத்து வீடியோ போடுறவன்கிட்ட என்ன பேச்சு வேண்டிக் கிடக்கு? ராஜதந்திரம் எல்லாம் ஏசி ரூம் சமாச்சாரம் இல்லையா?

ஐ.எஸ். அமைப்பை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றால் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2014 ஜூனில் ஈராக்கின் மோசுல் நகரைப் பிடித்த பிறகு அவர்கள் யாரிடமும் தனி மாநிலமோ தேர்தலோ கேட்கவில்லை. நாடுகளின் எல்லைக்கோடே செல்லாது என்பது அவர்கள் நிலை. அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்க எந்த அரசிடமும் ஒன்றும் இருக்காது.

மிசோராம் கதை வேறு. 1966-ல் மிசோ தேசிய முன்னணி ஆயுதம் எடுத்தது, தனி நாடு என்று அறிவித்தது. அந்த மார்ச்சில் நம் விமானப்படையே ஐஸ்வால் மீது குண்டு போட்டது. தலைவர் லால்தெங்கா கிழக்குப் பாகிஸ்தானில் புகலிடம் தேடினார். நடுநடுவே பேச்சு தொடங்கும், முறியும், மறுபடி தொடங்கும். கடைசியில் 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம். அதற்காக அப்போதைய காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா நாற்காலியை விட்டுக்கொடுத்தார், லால்தெங்கா முதல்வரானார். அவரிடம் செயலாளராக இருந்த சோரம்தங்கா பிற்பாடு தேர்தலில் நின்று ஜெயித்துப் பல ஆண்டு ஆண்டார்; தோற்றபோது இறங்கியும் போனார். நம் நாட்டிலேயே இப்படி ஒன்று நடந்திருக்க, நம் பாடப்புத்தகங்கள் அதை ஒரு பத்தியில் கடந்துவிடுவது எனக்குப் பல நாள் வருத்தம்.

அதனால் ஓர் அமைப்பைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது, யாராவது கொடுக்கக்கூடிய ஒன்றை அவர்கள் கேட்கிறார்களா என்று. அடுத்து, தலைவர் ‘துப்பாக்கியைக் கீழே போடு’ என்றால் ஆட்கள் போடுவார்களா என்று. லால்தெங்கா சொன்னதை அவருடைய ஆட்கள் கேட்டார்கள். ஆளுக்கொரு தளபதி என்று சிதறிக் கிடக்கும் கூட்டத்தில் ஒருவரோடு கையெழுத்துப் போட்டால் அடுத்தவர் மறுநாளே குண்டு வைப்பார்.

வேலூர், செவிலியர் ஒருவர்: 2014-ல ஈராக்கில் மாட்டிக்கிட்ட நம்ம நர்ஸ்கள் பத்திரமா வந்தாங்களே. எங்க ஹாஸ்டல்ல அன்னைக்கு யாரும் தூங்கல. அப்போ ஐ.எஸ்.கூடவும் பேச முடிஞ்சிருக்கு இல்லையா சார்?

நல்ல கேள்வி அம்மா. திக்ரித் மருத்துவமனையில் வேலை பார்த்த 46 இந்தியச் செவிலியர்கள், பெரும்பாலும் கேரளப் பெண்கள். மோசுலுக்குக் கொண்டுபோகப்பட்டு, விடுவிக்கப்பட்டு, ஜூலை 5 அன்று கொச்சியில் இறங்கினார்கள். யார் மூலம், என்ன சொல்லி என்பதை அரசு இன்றுவரை முழுமையாக வெளியிடவில்லை. வெளியிடவும் கூடாது என்பேன். அந்த வழி நாளைக்கு இன்னொருவருக்குத் தேவைப்படலாம்.

ஆனால் அதே ஜூனில் அதே மோசுலில் பிடிபட்ட கட்டடத் தொழிலாளர்கள் 39 பேர் கொல்லப்பட்டார்கள். அது உறுதியாகி, வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் சொன்னது 2018 மார்ச்சில்தான். ஒரே நாடு, ஒரே ஊர், ஒரே மாதம், இரண்டு முடிவு. ஆக, உயிரை மீட்கப் பேசுவது வேறு, பிரச்சினையைத் தீர்க்கப் பேசுவது வேறு. முதலாவதை யாரிடமும் பேசித்தான் ஆக வேண்டும். அக்கம்பக்கத்து அரசுகள், பழங்குடித் தலைவர்கள், அந்த ஊரில் வேலை எடுத்த கம்பெனிகள் என்று அதற்குப் பல கதவு தட்ட வேண்டும். பலிக்கும் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது.

விலையும் உண்டு. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கடத்தப்பட்ட நம் விமானம் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் நின்றது. 36 கைதிகளும் 20 கோடி டாலரும் வேண்டும் என்று தொடங்கியவர்களை மூன்று கைதிகள் என்ற அளவுக்கு இறக்கினார்கள் நம் அதிகாரிகள். பேரம் என்ற அளவில் திறமைதான். ஆனால் அந்த மூவரில் ஒருவர் மசூத் அசார். வெளியே போய் அடுத்த ஆண்டே பாகிஸ்தானில் ஜெய்ஷ்-இ-முகமது என்ற தீவிரவாத அமைப்பைத் தொடங்கினார். அன்று தாலிபான் ஆட்சியோடு நமக்கு உறவே இல்லை. பேச ஆள் இல்லாத இடத்தில் போய் இறங்கிப் பேச வேண்டியிருந்தது. நெருக்கடி வருவதற்கு முன்பே ஒரு மெல்லிய தொடர்பாவது வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அரக்கோணம், போட்டித் தேர்வு மாணவர்: எஃப்.ஏ.டி.எஃப். சாம்பல் பட்டியல் எல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

ஓரளவு செய்யும், தம்பி. எஃப்.ஏ.டி.எஃப். என்பது தீவிரவாதத்துக்குப் பணம் போவதைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு; அதைத் தடுப்பதில் குறை வைத்துக் கண்காணிப்பில் இருக்கும் நாடுகளின் வரிசைதான் சாம்பல் பட்டியல். பாகிஸ்தான் 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை அந்தப் பட்டியலில் இருந்தது. கடன், வங்கிப் பரிமாற்றம் எல்லாம் இறுகும் என்ற பயத்தில் சில வழக்குகளும் தண்டனைகளும் வந்தன. மசூத் அசாரை ஐ.நா.வின் பயங்கரவாதிகள் தடைப் பட்டியலில் சேர்க்க 2009-லிருந்து முயற்சி நடந்தது, சீனா நான்கு முறை தடுத்தது, 2019 மே 1-ல் விலகிக்கொண்டது. பத்தாண்டு பொறுமையாகக் கோப்பு நகர்த்தியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அமைப்போடு பேசுவதைவிட அதற்கு இடமும் பணமும் கொடுப்பவர்களோடு பேசுவதில்தான் ராஜதந்திரத்தின் பாதி வேலை இருக்கிறது. தேர்வில் எழுத இது போதும்.

திருப்பத்தூர் நண்பர்: எங்க ஊர்ல வருஷா வருஷம் ஆகஸ்ட் 6 நினைவஞ்சலி நடக்குது. நக்சலைட்டை ஒழிச்சது பேச்சா, துப்பாக்கியா?

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில், பிடிபட்ட நக்சலைட் ஒருவர் வீசிய வெடிகுண்டில் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் உடனிருந்த போலீசாரும் இறந்தார்கள். அதன் பிறகு வால்டர் தேவாரம் தலைமையில் வட ஆற்காட்டிலும் தருமபுரியிலும் தேடுதல் வேட்டை நடந்தது. இன்ஸ்பெக்டரின் மகள் பெயரால் அதை ‘ஆபரேஷன் அஜந்தா’ என்றார்கள். இங்கே துப்பாக்கிதான் முடித்தது, மறைக்க ஒன்றுமில்லை. போலி மோதல்கள் என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே புகார் சொன்னதையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லை தாண்டி ஆந்திராவில் 2004 அக்டோபரில் அரசு மாவோயிஸ்டுகளை ஐதராபாத்துக்கே அழைத்துப் பேசியது. ஆயுதத்தோடு ஊருக்குள் வரலாமா என்பதிலேயே இழுபறி. நிலப் பங்கீட்டுக்கு முழுதாக வந்து சேர்வதற்குள் 2005 ஜனவரியில் எல்லாம் முறிந்தது. என் பார்வையில் இரு தரப்புமே அந்தச் சில மாதங்களை மூச்சு வாங்கிக்கொள்ளப் பயன்படுத்தின. நேபாள மாவோயிஸ்டுகள் 2006 நவம்பரில் அமைதி ஒப்பந்தம் போட்டதற்குக் காரணம், மன்னராட்சியை வெறுத்த மற்ற கட்சிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டதுதான். போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

ஆரணி நண்பர்: புலிகளையும் ஐ.எஸ்.ஐயும் ஒரே பேச்சில் சேர்க்காதீங்க ஐயா. மனசு வலிக்குது. ஆனா நார்வே பேச்சு ஏன் தோத்துச்சுன்னு சொல்லுங்க.

சேர்க்கவில்லை. ஈழத் தமிழரின் கோரிக்கை உண்மையானது, கொடுக்கக்கூடியதும்கூட. அதனால்தான் அந்தத் தோல்வி இன்றும் உறுத்துகிறது.

2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்தம். செப்டம்பர் முதல் அடுத்த மார்ச் வரை ஆறு சுற்றுப் பேச்சு. டிசம்பரில் ஒஸ்லோவில் கூட்டாட்சி அடிப்படையில் ஒரு தீர்வை ஆராயலாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் அதிகாரம் எப்படிப் பிரியும் என்ற கடினமான கேள்வி ஒத்திப்போடப்பட்டுக்கொண்டே வந்தது. 2003 ஏப்ரலில் புலிகள் விலகினார்கள். கொழும்பில் பிரதமரும் ஜனாதிபதியும் இரு வேறு கட்சி, ஒருவர் போட்ட கையெழுத்தை மற்றவர் மதிக்கவில்லை. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. உடனே ஒன்றிய உறுப்பு நாடுகளைச் சேர்ந்த போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்கள் போனார்கள். களத்தில் பார்த்து எழுதிக்கொண்டிருந்த கண்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. தடைப் பட்டியல் அழுத்தம் தரும், சில நேரம் பேச்சு மேசையின் காலையும் ஒடிக்கும். யார் தவறு அதிகம் என்று இதற்கு மேல் கேட்டால் நம் இரண்டு பேருக்கும் ராத்திரி போய்விடும்.

வேலூர், கோட்டைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்: 1806-ல நம்ம கோட்டையில் எழுந்தவங்களையும் கம்பெனிக்காரன் வெறியர்கள்னுதானே எழுதினான்?

எழுதினான். அதைவிட எனக்கு முக்கியம், அவர்கள் எழுவதற்கு முந்தைய இரண்டு மாதம். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. மே மாதமே சிப்பாய்கள் மறுத்தார்கள். இருவருக்குக் கசையடி கொடுத்தார்கள். திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் இருந்தது, பக்கீர்கள் பரப்பிய பேச்சு எல்லாம் அந்தப் புண்ணில்தான் ஒட்டின. ஏதோ நடக்கப்போகிறது என்று முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே சொன்னான், பைத்தியம் என்று அடைத்துவைத்தார்கள். ஜூலை 10 விடியற்காலை ரத்தம். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினான், பல நூறு சிப்பாய்கள் செத்தார்கள். அப்புறம் உத்தரவு வாபஸ், கவர்னர் பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார். மே மாதமே வாபஸ் வாங்கியிருக்கலாம்.

ஆம்பூர் நண்பர்: எங்கேயோ ஒருத்தன் வெடிச்சா இங்கே எங்க பசங்களைச் சந்தேகமா பாக்குறாங்க. அந்தப் பிரசாரத்துக்கு மார்க்கத்துக்குள்ளேயே பதில் சொன்னவங்க இல்லையா சார்?

நிறையப் பேர் சொன்னார்கள் பாய். 2014 செப்டம்பரில் உலகம் முழுக்க 120-க்கும் மேற்பட்ட இஸ்லாமிய அறிஞர்கள் ஐ.எஸ். தலைவர் பாக்தாதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, தூதரைக் கொல்வது, பத்திரிகையாளரைக் கொல்வது, பெண்களை அடிமையாக்குவது ஒவ்வொன்றையும் மார்க்க ஆதாரத்தோடு மறுத்தார்கள். பாக்தாதி திருந்துவார் என்று அவர்கள் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்காக எழுதினார்கள். அதே வேலையை அமெரிக்க வெளியுறவுத் துறை ட்விட்டரில் ஐ.எஸ். கணக்குகளோடு நேருக்கு நேர் வாதம் செய்து பார்த்தது. அரசாங்க முத்திரையோடு வந்த பதிலை யாரும் மதிக்கவில்லை. எதிராளிக்கு மேடை கிடைத்ததுதான் மிச்சம்.

ஐ.எஸ். பிரசாரத்தில் தலையறுப்பைவிட அதிகமாக இருந்தது சந்தை, புதுச் சாலை, ‘வாருங்கள், உங்களுக்கென ஒரு அரசு’ என்ற அழைப்பு. 2017-ல் மோசுலும் ரக்காவும் கைவிட்டுப் போனதும் காட்ட ஒன்றுமில்லை, வீடியோக்களும் வற்றின. சந்தேகப் பார்வை பற்றி: ‘இவர்கள் உங்களை ஒருபோதும் ஏற்கமாட்டார்கள்’ என்பதுதான் அந்தக் கும்பல்களின் முதல் வாசகம். ஒரு பையனைக் காரணமில்லாமல் நிறுத்தி விசாரிப்பவர் அதற்கு இலவச விளம்பரம் செய்கிறார்.

காட்பாடி மாணவி: அவங்க குரலையே தடை பண்ணிட்டா முடிஞ்சது இல்லையா சார்?

1988 முதல் 1994 வரை பிரிட்டன் அதைச் செய்தது. வட அயர்லாந்தில் ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபைன் கட்சித் தலைவர்களின் குரலை ஒலிபரப்பக் கூடாது. தொலைக்காட்சிகள் என்ன செய்தன தெரியுமா? படத்தைக் காட்டி, நடிகர்களை வைத்து டப்பிங் பேசவைத்தன! இதற்கிடையில் பயங்கரவாதிகளோடு பேசுவது வயிற்றைப் புரட்டும் என்று பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் சொன்ன அதே 1993 நவம்பரில், ஐ.ஆர்.ஏ.வோடு ரகசியத் தொடர்பு இருந்தது அம்பலமானது. அந்த ரகசியம் இல்லாமல் 1998 ஏப்ரலில் வந்த வட அயர்லாந்து அமைதி ஒப்பந்தமும் இல்லை.

ஆனால் கொலைக் காட்சியைத் தடுப்பது வேறு. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையில் விட்டான். முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை ஃபேஸ்புக் நீக்க வேண்டியிருந்தது. இரண்டே மாதத்தில் நியூசிலாந்தும் பிரான்சும் அரசுகளையும் கம்பெனிகளையும் பாரிஸில் ஒன்றாக உட்காரவைத்தன, இந்தியாவும் சேர்ந்தது. இதுவும் ராஜதந்திரம்தான், எதிரே உட்கார்ந்திருப்பது கம்பெனிக்காரர்.

வதந்தி கொல்லும் என்பதற்கு நாம் நியூசிலாந்து போக வேண்டாம். 2018 மே மாதம் போளூர் பக்கம், குலசாமி கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு ஃபார்வர்டை ஒரே தடவையில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வைத்தார்கள்.

வாலாஜா நண்பர்: தாலிபானோடு இப்போ நாமே கைகுலுக்கிறோமே?

ஆமாம். 2020-ல் அமெரிக்கா தாலிபானோடு போட்ட தோகா ஒப்பந்தத்தில் காபூல் அரசுக்கே நாற்காலி போடவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்த அரசே இல்லை. பேச்சு எப்படி நடத்தக் கூடாது என்பதற்கு அது பாடம். 2025 அக்டோபரில் அவர்களுடைய வெளியுறவு அமைச்சர் தில்லி வந்தார், நாம் காபூலில் தூதரகத்தைத் திறக்கிறோம் என்றோம். எனக்கு அது பிடிக்கவில்லை, அங்கே பெண்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கே போக முடியாது. ஆனாலும் திறந்தது சரி. காந்தகார் விஷயம் மேலே சொன்னேனே.

ராணிப்பேட்டை, ஒரு தாய்: பிளஸ் டூ படிக்கிற என் மகன் ராத்திரியில் ஏதோ வெறுப்பு வீடியோவா பாக்குறான். போனைப் பிடுங்கிடலாமா?

பிடுங்காதீர்கள் அம்மா, நண்பன் போனில் பார்ப்பான். எந்தக் கட்சி, எந்த மதத்து வெறுப்பாக இருந்தாலும் வழி ஒன்றுதான்: பொதுவில் வீடியோ, பிறகு சின்னக் குழு, பிறகு தனியாக ஒருவர் பேசத் தொடங்குவார். அந்தத் தனி ஆள் வந்துவிட்டாரா என்று மட்டும் முதலில் பாருங்கள். சாப்பிடும்போது அந்த வீடியோவில் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள், உடனே மறுக்காமல் முழுக்கக் கேளுங்கள். முகம் தெரியாத ஒருவர் ‘வீட்டில் சொல்லாதே’ என்றோ, பணம் அனுப்பு, ஊருக்கு வா என்றோ சொல்லியிருந்தால் அன்றைக்கே அவன் மதிக்கிற ஒரு வாத்தியாரையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு உட்காருங்கள். அந்த ஆளின் எண்ணையும் கணக்குப் பெயரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 1930-க்கு அழைக்க வேண்டாம், அது இணையப் பண மோசடியைப் புகார் செய்வதற்கான எண். குறித்ததை மாவட்ட சைபர் கிரைம் போலீசில் நேரில் போய்க் கொடுங்கள்.