தண்டனை வந்து 14 மாதம்: தம்பிக்காக இனி அப்பீல் போட முடியுமா?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கியவன், நடுவில் நிறுத்திவிட்டான். வாய்க்கால் தகராறில் பக்கத்து வயல்காரரை வெட்டிய வழக்கில், பாபநாசம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 3 வருடம் தண்டனை. திருச்சி மத்தியச் சிறையில் இருக்கிறான். தீர்ப்பு வந்தது போன வருடம் ஜூனில். குறுவை நடவு மும்முரத்தில் நாங்களும் விட்டுவிட்டோம். மனநோயாளிக்குக் கெடு ஓடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: கெடு ஓடும், அம்மா. உங்களுக்குச் சொன்னவர் மனதில் வைத்திருப்பது 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் 6-வது பிரிவு. அது சிவில் தாவாவுக்கும், அதன் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவுக்கும்தான், அப்பீலுக்குப் பொருந்தாது. செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சத் தாமதத்துக்கு அதே சட்டத்தின் 5-வது பிரிவில் மன்னிப்பு மனு போட வேண்டும். இத்தனை நாளுக்கு மேல் மன்னிக்கக் கூடாது என்று வரம்பில்லை.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். "பத்து வருடமாக மனநோய்" என்று ஒரு சான்றிதழ் வைத்தால் போதாது. சம்பவத்தன்று புத்தி எப்படி இருந்தது (பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதாவது இ.பி.கோ. 84), விசாரணையின்போது தன் வழக்கைப் புரிந்துகொண்டாரா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 329) என்பவை அப்பீலுக்குள் பேச வேண்டியவை. தாமத மனுவில் நீதிபதி கேட்பது ஒன்றே: தீர்ப்பு நாளிலிருந்து இன்றுவரை அவர் என்ன நிலையில் இருந்தார்? அதற்குச் சிறையில் சேர்த்தபோது எழுதிய மருத்துவக் குறிப்பு, அங்கே கொடுத்த மாத்திரை விவரம், மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போன தேதிகள் வேண்டும். பழைய ஓ.பி. சீட்டு நோய் புதிதல்ல என்று காட்டும், அவ்வளவே. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25 தன் மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமையை நோயாளிக்கே தருகிறது. தம்பி கையெழுத்தோடு விண்ணப்பியுங்கள்.

நடவை மறைக்காதீர்கள். மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டால் எந்த வீட்டில் ஆள் இருப்பார்கள் என்பது தஞ்சாவூர் கோர்ட்டுக்கும் தெரியும். 14 மாதமும் நடவு நடக்காது என்பதும் தெரியும். அப்பீல்தாரர் தம்பி, வீட்டாரின் அசட்டைக்கு அவரைத் தண்டிக்கலாகாது என்று வாதாட இடமிருக்கிறது.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கவும் வழி உண்டு. தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் கூடவே தயாராக வையுங்கள். அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் மிச்சத் தண்டனையும் உள்ளேயே கழிந்துவிடலாம்.